வேலையில் கெட்டிக்காரர், அதனால் சூப்பர்வைசரா?

கேள்வி: "எட்டொன்பது வருஷமாக ஒரே வேலையில் இருக்கிறேன். தொழில் கையில் படிந்திருக்கிறது, நல்ல பெயரும் உண்டு. இப்போது ஒரு குழுவுக்கு என்னைப் பொறுப்பாகப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். சம்பளம் கொஞ்சம் கூடும். ஏற்கலாமா? ஏற்றால் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? எந்தத் துறைக்கும் ஒரே பதில்தானா, துறைக்குத் துறை மாறுமா?"

ஏற்கலாம். ஆனால் இத்தனை வருஷம் ஒழுங்காக வேலை பார்த்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து ஏற்காதீர்கள். பொறுப்பு கைக்கு வந்த அன்றிலிருந்து உங்கள் தொழிலே வேறு. இதுவரை உங்கள் கையிலிருந்து என்ன வந்தது என்று பார்த்தார்கள். இனி இன்னும் ஆறேழு பேர் கையிலிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பார்கள். முதல் வேலையில் இருந்த கெட்டிக்காரத்தனம் இரண்டாவது வேலைக்குத் தானாக வந்து சேராது. சில நேரம் குறுக்கேயும் நிற்கும்.

இதைச் சும்மா சொல்லவில்லை. நன்றாக வேலை செய்பவரை உயர்த்திக்கொண்டே போனால், கடைசியில் தனக்கு ஒத்துவராத ஒரு படியில் போய் அவர் நின்றுவிடுவார் என்று கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969-இல் பாதி கிண்டலாகச் சொன்னார். ஐம்பது வருஷம் கழித்து, 2019-இல் வெளியான ஓர் ஆய்வு பல அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. அதிகம் விற்றவர்களுக்குத்தான் மேனேஜர் பதவி போயிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பதவிக்கு முன் எவ்வளவுக்கெவ்வளவு அதிகம் விற்றிருந்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவருக்குக் கீழே வந்தவர்களின் விற்பனை அடி வாங்கியிருந்தது. சக ஊழியர்களோடு சேர்ந்து விற்பனையை முடித்துப் பழகியவர்களோ மேனேஜராகவும் நன்றாகவே செய்திருந்தார்கள். பதவி கொடுக்கிறவர்கள் பார்த்தது முதல் கணக்கை. பார்த்திருக்க வேண்டியது இரண்டாவதை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்றுதான்: கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரிவதில்லை. அனுபவப்பட்ட ஒரு வெல்டர், பற்றவைக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே கரன்ட் கூடிவிட்டதா, ராடு தள்ளி நிற்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார். புதிதாக வந்த பையன் 'எப்படிண்ணே?' என்று கேட்டால், 'கையை நிதானமா வச்சுக்கோ, பழகப் பழக வந்துடும்' என்பார். பொய்யும் இல்லை, பயனும் இல்லை. அவர் மறைக்கவில்லை. தான் சத்தத்தைக் கேட்டுத்தான் கையை நகர்த்துகிறோம் என்பது அவருக்கே தெரியாது. தொழில் உள்ளே இறங்க இறங்க, அதன் படிகள் கண்ணிலிருந்து மறைந்துபோகின்றன. பொறுப்பாளராக ஆகும்போது மறைந்துபோன அந்தப் படிகளைத்தான் திரும்ப வெளியே எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் எந்தத் துறையிலும் பொறுப்பாளரின் முதல் திறமை இதுதான். மற்ற அட்டவணை, அறிக்கை, பட்ஜெட் எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

இதற்கு மிக நல்ல பயிற்சி, ஆச்சரியமாக, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே உருவாகிவிட்டது. அமெரிக்காவில் அனுபவசாலிகள் படைக்குப் போய்விட, தொழிற்சாலை வாசலையே மிதிக்காத ஆண்களும் பெண்களும் வேலைக்கு வந்து குவிந்தார்கள். அவர்களுக்குச் சீக்கிரம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாரம் சூப்பர்வைசர்கள் தலையில் விழுந்தது. அரசு 1940-இல் 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டத்தைத் தொடங்கி 1945 வரை நடத்தியது. அதில் வேலையைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதற்கான பயிற்சி மொத்தமே பத்து மணி நேரம்.

அந்த வகுப்பு தொடங்கும் விதத்தைக் கேளுங்கள். மின்விளக்கு வயரில் போடும் ஒரு முடிச்சு உண்டு. வயரை யாராவது இழுத்தாலும், அந்த இழுப்பு உள்ளே இருக்கும் ஸ்க்ரூ வரை போகாமல் முடிச்சே தாங்கிக்கொள்ளும். பயிற்சியாளர் வகுப்பிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயால் மட்டும் தெளிவாகச் சொல்வார். அவரால் போட முடியாது. அடுத்து இன்னொருவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது. வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் அனுபவப்பட்ட சூப்பர்வைசர்கள். தாங்கள் தினமும் செய்வது இந்த இரண்டில் ஒன்றைத்தான் என்பது அப்போது உறைக்கும்.

பிறகு மூன்றாவது ஆள். முதலில் அவரை இயல்பாக்கி, இந்த முடிச்சு எதற்கு என்று சொல்லி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். அடுத்து ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, அந்தப் படியில் எது பிசகினால் எல்லாம் போய்விடுமோ அதை மட்டும் அழுத்திச் சொல்கிறார்கள்: வலப்பக்க வளையம் முக்கிய வயருக்கு முன்னால் வர வேண்டும், இடப்பக்க வளையம் பின்னால் போக வேண்டும். மூன்றாவது, அவரையே செய்யவிட்டு, செய்துகொண்டே அந்த முக்கியக் குறிப்புகளைத் தன் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். நான்காவது, தனியே விட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று காட்டி, பிறகு அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். மூன்றாவது ஆள் முடிச்சைப் போட்டுவிடுவார்.

இதில் பலரும் தாண்டிப்போவது, கற்றுக்கொள்பவரே வாயால் சொல்ல வேண்டும் என்ற இடத்தை. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'இந்த இடத்தில் ஏன் பின்னால் கொண்டுபோனே?' என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். கற்றுக்கொள்பவருக்கு வரவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் கோட்பாடு. போர் முடிந்ததும் பிறந்த நாட்டில் இதை மறந்துவிட்டார்கள். ஜப்பானுக்குப் போன பிரதி அங்கேயே தங்கிவிட்டது. டொயோட்டாவின் வேலைப் பயிற்சிக்கு இதுதான் வேர்.

டொயோட்டாவின் அசெம்ப்ளி லைனில் ஒரு கயிறு உண்டு. சிக்கல் வந்தால் தொழிலாளி அதை இழுப்பார், டீம் லீடர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்துக்கு வண்டி நகர்வதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காது, இல்லாவிட்டால் நிற்கும். ஒரு டீம் லீடருக்குக் கீழே இருப்பது சில பேர்தான், ஏனென்றால் கூப்பிட்டால் வர வேண்டுமே. உங்களுக்கு ஒரே நேரத்தில் முப்பது பேரையும் கொடுத்து, சொந்த டார்கெட்டையும் குறைக்கவில்லை என்றால், உங்களைப் பொறுப்பாளர் ஆக்கவில்லை. பதில் சொல்ல ஓர் ஆள் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி துறைக்குத் துறை என்ன மாறுகிறது என்பதற்கு வருகிறேன். தொழிற்சாலையில் தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்குக் கொடுப்பது பெரிய வேலை. விமானத்திலும் அறுவை அரங்கிலும் கதை தலைகீழ். கீழே இருப்பவருக்குத் தெரிந்தது மேலே இருப்பவர் காதுக்கு வந்து சேர்வதுதான் அங்கே பெரும்பாடு.

1978 டிசம்பர் 28. யுனைடெட் ஏர்லைன்ஸின் டிசி-8 விமானம் ஒன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் இறங்கத் தயாரானது. சக்கரத்தை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான அதிர்வு. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கும் சரியாக எரியவில்லை. அனுபவப்பட்ட கேப்டன், அவசரத் தரையிறக்கத்துக்குப் பயணிகளைத் தயார்படுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கலாம் என்று முடிவு செய்தார். சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார்கள். எரிபொருள் குறைந்துகொண்டே போனது துணை விமானிக்கும் ஃப்ளைட் இன்ஜினீயருக்கும் தெரியும். எரிபொருள் பற்றிப் பேச்சும் எழுந்தது. ஆனால் 'இப்போதே இறங்கியாக வேண்டும்' என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். சக்கரத்துக்குப் பயந்து சுற்றியவர்களை எரிபொருள் கவிழ்த்துவிட்டது.

அந்த விமானி அறையில் தொழில் தெரியாதவர் யாரும் இல்லை. தகவலுக்கும் பஞ்சமில்லை. அது முடிவெடுப்பவரைப் போய்ச் சேரும் வழிதான் அடைத்திருந்தது. முந்தைய வருஷம் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தபோதும், ஒரு விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினீயர் எழுப்பிய சந்தேகத்தைக் கேப்டன் அப்படியே ஒதுக்கியிருந்தார். 1979-இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு கூட்டியது. அதிலிருந்துதான் இன்று உலகம் முழுக்க விமானிகள் கட்டாயம் எடுக்கும் குழு மேலாண்மைப் பயிற்சி வளர்ந்தது. கேப்டனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், இளையவருக்கு மழுப்பாமல் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டுமே பழக்க வேண்டிய திறமை. குணம் என்று விட்டுவிட முடியாது.

அறுவை அரங்கும் இதைக் கடன் வாங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள். அதில் ஒன்று, கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது. கேட்கச் சின்ன விஷயம். ஆனால் ஒருமுறை வாய் திறந்தவருக்கு இரண்டாம் முறை திறப்பது சுலபம். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-இல் வெளியிட்டார்கள். ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைகள் எல்லாம் இதே பட்டியலைக் கொண்டுவந்த பிறகு 2014-இல் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. என் கணிப்பில், பட்டியலில் டிக் அடிப்பது ஒன்று, தலைமை மருத்துவர் தலையைத் தூக்கி மற்றவர் முகத்தைப் பார்ப்பது வேறொன்று. உத்தரவு போட்டால் முதலாவது மட்டும்தான் நடக்கும். உங்கள் அலுவலகத்தின் வாராந்தரக் கூட்டத்தையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

செவிலியர் பணியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. வார்டுப் பொறுப்பு ஏற்பவரின் நாள் நோயாளிகளைப் பங்கிடுவதில் தொடங்குகிறது. நான்கு செவிலியர், இருபது நோயாளிகள் என்று வையுங்கள். ஆளுக்கு ஐந்து என்று பிரித்தால் கணக்கு சரி, வார்டு தப்பு. நேற்று அறுவை முடிந்தவர், மூச்சுத் திணறி வந்தவர், குழப்பத்தில் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கும் முதியவர் மூவரும் ஒரே ஆளிடம் போய்விட்டால் அந்த ஷிஃப்ட் தாங்காது. நல்ல செவிலியராக இருந்து புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர் பெரும்பாலும் என்ன செய்வார் தெரியுமா? கடினமான நோயாளிகளைத் தானே எடுத்துக்கொள்வார். பார்க்கத் தியாகம் போலத் தோன்றும். ஆனால் அவர் ஒரு கட்டிலருகே மாட்டிக்கொண்ட நேரத்தில் மற்ற பத்தொன்பது பேரையும் மொத்தமாகப் பார்க்க ஆள் இல்லை. இளையவர்களுக்கும் கடினமான நோயாளியைக் கையாளும் வாய்ப்பே வராது. செவிலியர் துறை ஆய்வாளர் பட்ரீசியா பென்னர் 1980-களில் செவிலியரின் திறமை ஐந்து நிலைகளில் வளர்கிறது என்று காட்டினார். ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது அவர் பார்க்கும் நோயாளி வகையைப் பொறுத்தது. தீவிர சிகிச்சையில் பத்து வருஷம் கண்டவரும் குழந்தைகள் வார்டுக்கு மாறினால் கிட்டத்தட்ட புதியவர்தான். 'சீனியர்தானே, பார்த்துக்கொள்வார்' என்று ஆளை மாற்றிப்போடும் நிர்வாகங்கள் மறக்கும் விஷயம் இது.

மென்பொருள் துறையில் உயிர் பயம் இல்லை, ஆனால் இன்னொரு வலை இருக்கிறது. பொறுப்பாளர் பழைய வேலையைத் தொடர்ந்து செய்வதற்கு அங்கே வசதி அதிகம். லேப்டாப்பைத் திறந்தால் கோட் கண்முன்னே நிற்கும். இளையவர் எழுதியதை ரிவ்யூ செய்ய உட்காரும் டீம் லீடர், குறை தெரிந்ததும் பொறுக்க முடியாமல் தானே திருத்தி எழுதி முடித்துவிடுவார். அன்றைக்கு அரை மணி மிச்சம். அடுத்த வாரம் அதே குறை அதே ஆளிடமிருந்து திரும்ப வரும், ஏனென்றால் அவருக்குத் தான் செய்தது தப்பு என்பதே தெரியாது. 'இந்த இடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் என்ன ஆகும்?' என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதுதான் பொறுப்பாளரின் வேலை. கை அரிக்கும். அடக்க வேண்டும்.

கூகுளில் 2002-இல் பொறியியல் பிரிவு மேனேஜர்களையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். சில மாதங்கள்கூட ஓடவில்லை. செலவுக் கணக்குக்கு ஒப்புதல், ஆளுக்கு ஆள் மனஸ்தாபம் எல்லாம் நேராக நிறுவனர் மேஜைக்கு வரத் தொடங்கின. பிற்பாடு அங்கேயே நல்ல மேனேஜர் என்ன செய்கிறார் என்று ஆராய்ந்து எட்டு இயல்புகளைப் பட்டியலிட்டபோது, முதலில் வந்தது நல்ல பயிற்றுநராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு பட்டியலில் இருந்தது, எட்டாவதாக. இருக்க வேண்டும், ஆனால் அதை வைத்துக்கொண்டு மட்டும் காலம் தள்ள முடியாது.

விற்பனையைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும்: பல இடங்களில் பதவி வந்ததும் கமிஷன் போய்விடும். சம்பளம் கூடினாலும் மொத்த வரும்படி குறையலாம். பேப்பரில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தப் பாடத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு ஜெர்மனி. அங்கே கைத்தொழிலில் 'மைஸ்டர்' என்ற தலைமைக் கைவினைஞர் ஆவதற்கான தேர்வில் நான்கு பகுதிகள் உண்டு. செய்முறை, அந்தத் தொழிலின் கோட்பாடு, கணக்கும் சட்டமும், நான்காவது தொழில் கற்பிக்கும் முறை. எவ்வளவு பெரிய கைகாரராக இருந்தாலும், தொழில் பழக வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று காட்டாமல் பட்டம் இல்லை. மற்ற இடங்களில் நாம் முதல் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிவிடுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சரி என்று சொல்வதற்கு முன் சிலவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். எனக்குக் கீழே எத்தனை பேர்? என் சொந்த வேலையில் எவ்வளவு குறைப்பீர்கள்? ஆள் எடுப்பதிலும் லீவு கொடுப்பதிலும் அப்ரைசலிலும் என் பேச்சு செல்லுமா, அல்லது மேலிருந்து வந்ததைப் படித்துக்காட்டுவது மட்டும்தானா? எனக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மேனேஜர் சொல்லும் பதிலையும், குழுவில் இருப்பவர் சொல்லும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏற்றுக்கொண்டால் முதலில் இடிக்கப்போவது பழைய சகாக்கள். நேற்றுவரை வாடா போடா என்று பேசியவருக்கு இன்று நீங்கள் அப்ரைசல் எழுத வேண்டும். அந்தச் சங்கடத்தை இல்லாதது போல் நடித்தால் அது பின்வாசல் வழியாக வரும். முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, 'இந்த மாற்றம் உனக்கு எப்படி இருக்கு, என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறே, எதை நான் செய்யவே கூடாது?' என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதவிக்கு ஆசைப்பட்டு கிடைக்காமல் போனவர் ஒருவர் குழுவில் இருந்தால், அவரிடம் முதலில் போங்கள். சமாதானம் சொல்ல வேண்டாம். எந்தப் பொறுப்பை அவரிடம் முழுசாக ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள். நிறைய நிறுவனங்களில் இப்போது இரண்டு ஏணி உண்டு. ஒன்று ஆட்களை நிர்வகிக்கிறவர்களுக்கு, இன்னொன்று தொழிலில் ஆழம் போகிறவர்களுக்கு. காகிதத்தில் இரண்டும் சமம் என்பார்கள். நிஜமா என்பதற்கு ஒரு சோதனை: இரண்டாவது ஏணியின் மேல்படியில் இப்போது யாராவது நிற்கிறார்களா, அவர்களுக்கு என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். யாருமே இல்லை என்றால் அந்த ஏணி சுவரில் வரைந்த படம். அப்படிப்பட்ட இடத்தில் ஆழம்தான் வேண்டும் என்றால் வேறு நிறுவனம் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

இன்னும் மனசு இரண்டாக நிற்கிறது என்றால் தற்காலிகமாகக் கேட்டுப் பாருங்கள். யாராவது பொறுப்பாளர் நீண்ட லீவில் போகும்போது அந்த இடத்தை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லலாம். மேனேஜரிடம் இப்படிப் பேசலாம்: 'சார், பொறுப்பு எடுத்துக்கத் தயார். மூணு மாசம் பார்க்கிறேன். சரிவரலைன்னா பழைய இடத்துக்கு, பழைய சம்பளத்துக்கு, பெயர் கெடாம திரும்பி வர வழி இருக்கணும். அதை மெயில்ல போட்டுடுங்க.' நல்ல மேனேஜர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். அந்த மூன்று மாதத்தில் ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு மட்டுமே வரும் என்று எல்லோரும் சொல்கிற வேலை ஒன்றை முடிச்சு வகுப்பில் சொன்ன முறையில் அவருக்குக் கற்றுக்கொடுங்கள். அவர் தனியாக அதைச் செய்து முடிக்கிற அன்று உங்களுக்குச் சந்தோஷம் வந்தால் பதவியை நிரந்தரமாக வாங்கிக்கொள்ளுங்கள். நம் இடம் போய்விட்டதே என்று தோன்றினால், மெயிலில் வாங்கிவைத்த அந்த வழி இருக்கிறது.